எட்டிப் பார்க்கும் அகராதி

அகராதி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் சொல்கிறோம். அகரத்தை ஆதியாக உடையது அகராதி. வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தந்தபோது, அதுவரை நிகண்டுகளை மனப்பாடம் செய்துவந்த தமிழ் மாணவனுக்கு ஒரு பெரிய விடுதலை கிடைத்தது. முதல் எழுத்தை அறிந்தவன் எந்தச் சொல்லையும் தேடி எடுத்துவிடலாம். இது எத்துணைப் பெரிய வசதி என்பதை, அகரமே இல்லாத ஒரு மொழியைக் கற்கத் தொடங்கிய பிறகுதான் நான் உணர்ந்தேன்.

அந்த மொழி சீனம். அதைக் கற்க எந்த அகராதி ஏற்றது என்று நான் தேடியதும், தேடிக் கண்டதைத் தவறாகப் பயன்படுத்தியதும், அதனால் இக்கல்லூரியிலேயே ஒரு பிழை செய்ததும்தான் இக்கட்டுரையின் பொருள். அந்தப் பிழையைக் கைதட்டி வரவேற்றவர்களுள் இதைப் படிக்கும் நண்பர்கள் பலரும் இருக்கிறீர்கள். ஆகவே முழுவதையும் சொல்லிவிடுவதே முறை.

முதலாண்டில் ஒருநாள் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் ஒரு கல்வெட்டின் படத்தைக் காட்டினார். 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தது; 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பது. ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமியரின் இறைவனைப் போற்றுகிறது. மூவருக்கும் காணிக்கைகள் அளிக்கப்பட்டதை அக்கல் சொல்கிறது.

“இதில் தமிழ் இருக்கும் பக்கத்தில் நாம் இருக்கிறோம். அடுத்த பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் யாருக்குத் தெரியும்?” என்று பேராசிரியர் கேட்டார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி எனக்கு என்னவோ போல் இருந்தது. அறுநூறு ஆண்டுகளாக நம் மொழிக்குப் பக்கத்திலேயே நிற்கும் எழுத்து ஒன்று; அதில் ஓர் எழுத்துக்கூட நமக்குத் தெரியாது. அன்று மாலையே சீனம் கற்பது என்று முடிவு செய்தேன். இளமையில் செய்யும் முடிவுகள் பெரும்பாலும் இவ்வாறுதான் பிறக்கின்றன போலும்.

இணையத்தில் இலவசப் பாடங்களுக்குக் குறைவில்லை. ஒலிகளை ஓரளவு பழகினேன். பிறகு பழைய புத்தகக் கடை ஒன்றில் கிடைத்த கையடக்கமான சீன-ஆங்கில அகராதி ஒன்றை வாங்கினேன். அதைத் திறந்தபோதுதான் தெரிந்தது, சீனத்தில் ஒரு சொல்லைத் தேடுவதற்கே தனியாக ஒரு கல்வி வேண்டும் என்பது.

சொல்லின் ஒலி தெரிந்திருந்தால் கவலையில்லை. உரோமன் எழுத்து வரிசையில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒலி தெரியாத எழுத்தைத்தானே நாம் தேடுகிறோம்? அப்போது அந்த எழுத்தில் தலைமை உறுப்பு எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நீர், மரம், வாய், கை, வாசல் என்று இவ்வுறுப்புகளுக்குப் பெயர்கள் உண்டு. சூ ஷென் என்னும் அறிஞர் கி.பி. 100-ஐ ஒட்டித் தொகுத்த நூலில் 9,353 எழுத்துகளை 540 உறுப்புகளின் கீழ் அடுக்கினார். 1716-இல் முடிந்த காங்ஷி அகராதி, 47,035 எழுத்துகளை 214 உறுப்புகளுக்குள் அடக்கியது. என் கையிலிருந்த சிறிய அகராதியும் அந்த வழியில் வந்ததே. உறுப்பைக் கண்டுபிடித்தபின், எஞ்சிய கோடுகளை எண்ண வேண்டும். உறுப்புப் பட்டியலிலிருந்து எழுத்துப் பட்டியலுக்கும், எழுத்துப் பட்டியலிலிருந்து அகராதியின் உட்பக்கத்திற்கும் போக வேண்டும். கோட்டை எண்ணுவதில் ஒன்று பிசகினால் எல்லாம் பிசகும். ஒரு சொல்லுக்கு நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் ஆயிற்று. ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து ஏழு சொற்கள் பார்த்தேன். விடிந்தபோது அவற்றுள் ஐந்து நினைவில் இருந்தன. அந்த ஐந்தின் மதிப்பு அப்போது எனக்குத் தெரியவில்லை. ஏழுதானே பார்த்தோம் என்ற சலிப்புத்தான் மிஞ்சியது.

இந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் எட்டிப் பார்க்கும் அகராதி என் வாழ்வில் நுழைந்தது. பாப்-அப் அகராதி என்று அதைக் கூறுவார்கள். கணினித் திரையில் சீன எழுத்தின்மேல் மௌஸின் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தால் போதும். சிறிய பெட்டி ஒன்று தோன்றும். அதில் எழுத்தின் பழைய வடிவம், இன்றைய வடிவம், ஒலி, ஆங்கிலப் பொருள் ஆகிய யாவும் இருக்கும். அம்பை நகர்த்தினால் பெட்டி மறைந்துவிடும். வீட்டிற்குள்ளிருந்து யாரோ தலையை நீட்டி விடை சொல்லிவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொள்வது போல இருந்தது. ஐந்து நிமிட வேலை அரை நொடியில் முடிந்தது. என் மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் ஒன்றல்ல, பல அகராதிகள் இருந்தன. எதைத் தேர்ந்தெடுப்பது? என்னிடம் இருந்தது என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற விலையில்லா மடிக்கணினி. அதன் வேகம் எங்கள் ஊர்ப் பேருந்தின் வேகம். ஆகவே கனமான மென்பொருள்கள் எனக்கு ஆகா. குரோம் உலாவியோடு இணைந்து இயங்கும் ஜோங்வென் என்னும் சிறிய இணைப்பு இருந்தது. ஃபயர்பாக்ஸில் ஒரு காலத்தில் பலரும் விரும்பிய பெராபெரா என்ற இணைப்பு, 2017-இல் அந்த உலாவி தன் பழைய இணைப்பு முறையைக் கைவிட்டபோது வேலை செய்யாமற் போயிற்று. முதலில் சப்பானிய மொழிக்கென்று எழுந்த யோமிச்சான் 2023-இல் நிறுத்தப்பட, அதன் வழித்தோன்றலான யோமிட்டான் சீனத்திற்கும் பயன்படும்படி வளர்ந்திருந்தது. கைப்பேசியிலோ பிளெக்கோ இருந்தது. 2000-ஆம் ஆண்டில் பாம் என்னும் கையடக்கக் கருவிகளுக்காகத் தொடங்கப்பெற்று இன்றுவரை நிலைத்திருப்பது அது. அடிப்படை அகராதி இலவசம். படத்திலுள்ள எழுத்தைப் படிப்பது போன்ற வசதிகளுக்குத் தனிக் கட்டணம்.

ஒவ்வொன்றையும் வைத்துச் சோதித்தேன். சில நாட்களிலேயே ஒரு வியப்பான உண்மை தெரிந்தது. பெயர்கள் வேறு, பெட்டியின் நிறங்கள் வேறு. ஆனால் உள்ளே இருந்து பேசும் குரல் பெரும்பாலும் ஒன்றே. 1997-இல் பால் டெனிசோவ்ஸ்கி என்பவர் செடிக்ட் என்ற பெயரில் ஒரு சீன-ஆங்கிலச் சொற்பட்டியலைத் தொடங்கினார். அதுவே பின்பு சிசி-செடிக்ட் என்று வளர்ந்து, இன்று 1,20,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டிருக்கிறது. எவரும் ஒரு சொல்லைச் சேர்க்கும்படி எழுதி அனுப்பலாம். தொகுப்பாளர்கள் ஆராய்ந்து ஏற்பார்கள். எவரும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஆகவே நான் அகராதிகளுக்கிடையே தேர்வு செய்யவில்லை. ஒரே களஞ்சியத்திற்குரிய பல வாசல்களில் எந்த வாசல் என்றே தேர்வு செய்துகொண்டிருந்தேன்.

வாசல்களைச் சோதிக்க ஒரு தொடரை வைத்துக்கொண்டேன். சீனத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடுவதில்லை. ‘யென் ஜியூ ஷெங் மிங்’ என்று நான்கு எழுத்துகள் வரிசையாக வந்தால், எங்கே பிரிப்பது? முதல் இரண்டையும் சேர்த்தால் ‘ஆராய்ச்சி’. பின் இரண்டையும் சேர்த்தால் ‘உயிர்’. உயிரை ஆராய்தல் என்பது பொருள். ஆனால் முதல் மூன்றையும் சேர்த்தால் ‘முதுகலை மாணவர்’ என்று வேறொரு சொல் கிடைக்கும். எஞ்சிய ‘மிங்’ என்பதற்கு விதி என்றும் பொருள் உண்டு. முதுகலை மாணவரின் விதி! எட்டிப் பார்க்கும் அகராதிக்கு வாக்கியம் புரியாது. அம்பு நிற்கும் எழுத்திலிருந்து தொடங்கி, எவ்வளவு நீளமான சொல் கிடைக்குமோ அதை முதலில் காட்டும். இங்கே அது முதுகலை மாணவரையே காட்டும். நல்ல கருவியானால் அதன் கீழே குறுகிய சொற்களையும் வரிசையாகக் காட்டும். பிரிக்கும் பொறுப்பு நம்முடையது. ஜோங்வென் அவ்வாறு காட்டியது. நம் பாட்டு உரைகளில் ஒரே அடியை இருவகையாகப் பிரித்துப் பொருள் சொல்வார்களே, அந்தப் பழக்கம் நமக்கு இங்கே கைகொடுக்கிறது.

அடுத்த சோதனை ஒலி. சீனத்தில் ஒரே அசை, ஏற்ற இறக்கம் மாறினால் வேறு சொல்லாகும். ‘மாய்’ என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது; நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. என் முதல் குறிப்பேட்டில் இரண்டையும் தமிழெழுத்தில் ‘மாய்’ என்றே எழுதி வைத்திருந்தேன். கடைவீதிக்குப் போயிருந்தால் என் கதி என்ன? ஜோங்வென் ஒவ்வொரு தொனிக்கும் ஒரு நிறம் தந்தது. அதுவும் எனக்குப் பிடித்தது. ஆர் என்ற விசையை அழுத்தினால் சொல் பட்டியலில் சேர்ந்துவிடும், அதுவும் பிடித்தது. சன்னல் எப்போதும் திறந்தே இருந்தது. அம்பு தொட்டவுடன் விடை வந்தது. உள்ளபடியே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மூன்று மாதங்களில் நான் படித்த சீனச் செய்திகள் நூற்றுக்கு மேல் இருக்கும். மழை, தேர்வு, இரயில் பாதை, பாண்டாக் கரடி என்று எதையும் விடவில்லை. நண்பர்கள் என்னைச் ‘சீனத்தார்’ என்று அழைக்கலாயினர். விடுதியில் யாராவது ஒரு பொம்மையின் அடியில் இருந்த எழுத்தைக் காட்டினால், “கணினியில் இருந்தால் சொல்லிவிடுவேன்” என்பேன். அந்த விடையிலேயே என் நோய் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

சென்ற பருவத்தில் வரலாற்று மன்றத்தின் கூட்டம் நடந்தது. தமிழகமும் சீனமும் என்பது பொருள். என்னைப் பற்றிக் கேள்விப்பட்ட பேராசிரியர், சீன நகரம் ஒன்றின் அருங்காட்சியகம் பார்வையாளர்க்கு வெளியிட்ட அறிவிப்பை அச்செடுத்து வந்திருந்தார். “கல்வெட்டு கடினம். இது எளிய நடை. நம் மாணவர் படித்துப் பொருள் சொல்வார்” என்று மேடைக்கு அழைத்துத் தாளைக் கையில் கொடுத்தார்.

தாளைப் பார்த்தேன். என்னை அறியாமல் வலக்கைச் சுட்டுவிரல் ஓர் எழுத்தின்மேல் போய் நின்றது. பெட்டி தோன்றவில்லை. தாள் தாளாகவே இருந்தது.

நண்பர்களே, நூறு செய்திகளில் நூறு முறை பார்த்த எழுத்துகள்தாம் அவை. முகங்கள் தெரிந்தன; பெயர்கள் தெரியவில்லை. தலைப்பில் ‘அருங்காட்சியகம்’ புலப்பட்டது. எண்கள் தெரிந்தன, ஒன்பது மணி, ஐந்து மணி என்றேன். ‘மாணவர்’ என்பது தெரிந்தது. மாணவர்க்குச் சலுகை உண்டு என்றேன். கடைசி வரியில் ‘திங்கட்கிழமை’ தெரிந்தது. அதையடுத்து வாசல் போன்ற எழுத்து ஒன்றும், காட்சியகத்தைக் குறிக்கும் எழுத்தும் இருந்தன. பிறகு ‘விடுமுறை நாட்கள் நீங்கலாக’ என்பது புரிந்தது. வாசல் இருக்கிறது, ஆகவே திறப்பதாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். உரத்த குரலில், “திங்கட்கிழமைகளில் காட்சியகம் திறந்திருக்கும்; அரசு விடுமுறை நாட்கள் நீங்கலாக” என்றேன். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, பாருங்கள்!

அரங்கம் கைதட்டியது. துறைத்தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கீழே இறங்கி வந்தபோது முதுகில் தட்டியவர்கள் எத்தனை பேர்! யாருக்கும் ஐயம் எழவில்லை. எழுவதற்கு வழியும் இல்லை. அந்த மொழி தெரிந்தவர் வேறு எவரும் அங்கே இல்லையே. என் ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது, நான் படிக்கவில்லை, ஊகித்தேன் என்பது.

அன்றிரவு தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். கைப்பேசியை நீட்டியிருந்தால் நொடியில் விடை கிடைத்திருக்கும். ஏனோ அதற்கு மனம் வரவில்லை. மூலையில் கிடந்த பழைய அகராதியை எடுத்தேன். வாசல் உறுப்பு, இன்றைய வடிவில் மூன்று கோடுகள். உள்ளே எஞ்சியவை மூன்று கோடுகள். பட்டியல், பக்க எண், உட்பக்கம். நான்கு நிமிடம் ஆயிற்று. ‘பீ’ என்று ஒலி; நான்காம் தொனி. பொருள்: மூடு, அடை.

திங்கட்கிழமை காட்சியகம் மூடியிருக்கும்; விடுமுறை நாட்கள் மட்டுமே விலக்கு. நான் சொன்னதற்கு நேர் எதிர்.

ஏன் தவறினேன் என்று ஆராய்ந்தபோது காரணமும் விளங்கியது. ‘திற’ என்பதைக் குறிக்கும் எழுத்தின் பழைய வடிவத்தில் வாசல் உண்டு. 1950-களில் சீன அரசு எழுத்துகளை எளிமைப்படுத்தியபோது அந்த வாசலை எடுத்துவிட்டார்கள். ‘மூடு’ என்பதைக் குறிக்கும் எழுத்திலோ வாசல் எளிய வடிவில் இன்றும் இருக்கிறது. பெட்டியில் பழையதும் புதியதும் அடுத்தடுத்துத் தோன்றின. இரண்டையும் நூறு முறை பார்த்திருந்தேன். ஒரு முறையும் உற்று நோக்கவில்லை. அதனால் வாசல் மட்டும் மனத்தில் தங்கியது. அது திறந்த வாசலா மூடிய வாசலா என்பது தங்கவில்லை. அதே தாளின் மேற்பகுதியில், ‘திறந்திருக்கும் நேரம்’ என்ற இடத்தில், வாசல் இல்லாத ‘திற’ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதை நான் கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனேன். பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உன்னை நம்பி ஒருவன் திங்கட்கிழமை அங்கே போய் நின்றிருந்தால்?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை.

“பொன்னாடையை எடுத்துக்கொள். படித்த பிறகு போர்த்திக்கொள்ளலாம். இதை மலருக்கு எழுதிக் கொடு” என்றார். இக்கட்டுரை பிறந்தது அவ்வாறே.

அதன்பின் அகராதியை இரண்டாம் முறை தேர்ந்தெடுத்தேன். முதல் முறை என் கேள்வி, எது விரைவாகச் சொல்லும் என்பது. இரண்டாம் முறை, எது நான் கேட்டால் மட்டும் சொல்லும் என்பது. யோமிட்டானில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அம்பை வைத்தாலன்றிப் பெட்டி தோன்றாது. அதற்குள் இடவேண்டிய அகராதியையும் நாமே ஏற்றிக்கொள்ள வேண்டும். நான் ஏற்றியது அதே செடிக்ட்தான். களஞ்சியம் மாறவில்லை, வாசலில் ஒரு தாழ்ப்பாள் வந்தது. அந்த ஒரு விசையின் இடைவெளி போதுமானதாக இருந்தது. விரல் விசைக்குப் போகுமுன் மனம் ஒரு முறை தானாக முயன்று பார்க்கிறது. ஜோங்வென் வைத்திருப்பவர்களும் அதன் குறியைத் தொட்டு அதை அணைத்து வைக்கலாம். நான்தான் ஒருநாளும் அணைத்ததில்லை. குறை கருவியினுடையது அன்று.

இப்போது ஒரு பத்தியை முதலில் உதவியின்றிப் படிக்கிறேன். தெரியாத சொல்லுக்கு என் ஊகத்தைத் தாளில் எழுதுகிறேன். பிறகே விசையை அழுத்துகிறேன். ஊகம் தவறினால் அந்தச் சொல் எளிதில் மறப்பதில்லை. பட்ட அடி நினைவில் நிற்பது இயல்புதானே! இரவில் குறிப்பேட்டில் எழுத்தைக் கையால் வரைந்து, ஒலியைத் தொனி எண்ணோடு எழுதி, பொருளைத் தமிழில் எழுதுகிறேன்.

பொருளைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது நான் எதிர்பாராத ஓர் இன்பம் கிடைத்தது. அதுவரை சீனத்திற்கும் எனக்கும் இடையே ஆங்கிலம் நின்றுகொண்டிருந்தது. ‘கெக’ என்பதற்கு மூத்த சகோதரன் என்றும், ‘தீதி’ என்பதற்கு இளைய சகோதரன் என்றும் பெட்டி இரண்டிரண்டு ஆங்கிலச் சொற்களால் விளக்கும். நமக்கோ அண்ணன், தம்பி. ‘ஜியேஜியே’ அக்காள், ‘மெய்மெய்’ தங்கை. ஆங்கிலத்தில் அங்கிள் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பேரைத் திணித்து வைத்திருக்கிறார்கள்! சீனத்தில் தந்தையின் தமையன் ‘போபோ’; நமக்குப் பெரியப்பா. தந்தையின் தம்பி ‘ஷூஷூ’, நமக்குச் சித்தப்பா. தாயுடன் பிறந்தவர் ‘ஜியூஜியூ’, நம் தாய்மாமன். தந்தையுடன் பிறந்தவள் ‘கூகூ’, நம் அத்தை. எங்கள் வீட்டு விசேடத்திற்கு வந்தவர்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்தது போல என் குறிப்பேட்டின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

இன்னொரு சொல்லையும் கூறவேண்டும். வட சீனப் பேச்சில் ‘ஸான்மென்’ என்று ஒரு சொல் உண்டு. பேசுபவரையும் கேட்பவரையும் சேர்த்துக் குறிப்பது என்று பெட்டி ஆங்கிலத்தில் ஒரு முழு விளக்கமே தருகிறது. ஆங்கிலத்திற்கு அந்த விளக்கம் தேவை. நான் என் குறிப்பேட்டில் இரண்டே எழுத்து எழுதினேன்: நாம். கேட்பவரை விலக்க வேண்டிய இடத்தில் அவர்கள் ‘வோமென்’ என்பார்கள், நாங்கள். அன்று, அரை நொடியில் வந்து மறையும் பெட்டி தராத ஒன்றை என் பேனா தந்தது. பொருளை அது சொன்னது. சொல்லை நான்தான் என்னுடையதாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சீனம் மட்டுமன்று, எந்த மொழியைக் கற்க விரும்பும் நண்பருக்கும் என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்வேன். அழைத்தால் மட்டும் வரும் அகராதியைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட சொல்லோடு அதன் உட்சொற்களையும் காட்டுவதாக இருக்கட்டும். ஒலியைத் தெளிவாகக் காட்டட்டும். பார்த்த சொல்லைச் சேர்த்து வைக்க இடம் இருக்கட்டும். உலாவி மாறினால் கருவி மறையக்கூடும். பெராபெராவுக்கு அதுதான் நேர்ந்தது. ஆகவே சேர்த்து வைத்த சொற்களுக்குக் கையெழுத்தில் ஒரு படி இருக்கட்டும். வாரத்தில் ஒருநாளாவது அச்சிட்ட தாளை எடுத்துப் படியுங்கள். எவ்வளவு தெரியும் என்பதைத் தாள் ஒளிக்காமல் சொல்லிவிடும்.

ஓர் ஆசையும் உண்டு. செடிக்ட் ஒருவரால் தொடங்கப்பெற்று, முகம் அறியாத பலரால் வளர்ந்தது. எடுத்தாள்வோர் மூலத்தைக் குறிப்பிட்டு, தாம் ஆக்குவதையும் அவ்வாறே பிறர்க்குத் திறந்து வைக்க வேண்டும் என்பதே அதன் விதி. அந்த முறையில் நம் மாணவர்கள் சிலர் சேர்ந்து, சீனச் சொற்களுக்கு நேராகத் தமிழ்ச் சொற்களை எழுதத் தொடங்கலாகாதா? என் குறிப்பேட்டில் இன்று 640 சொற்கள் இருக்கின்றன. பெரிய எண் அன்று. ஆனால் ஒவ்வொன்றையும் தாளில் கண்டாலும் அடையாளம் சொல்வேன்.

அந்தக் காலிக் கல்வெட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது பழைய இலக்கிய நடை. எட்டிப் பார்க்கும் அகராதி அங்கே தடுமாறுகிறது. இன்றைய பொருளைச் சொல்லி வழி தவறச் செய்கிறது. நானும் தடுமாறுகிறேன். ஆனால் சென்ற வாரம் நூலகத்தில் அதன் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். தொடக்கத்தில் மிங் பேரரசரைக் குறிக்கும் எழுத்துகளையும், அடுத்துச் செங் ஹேயின் பெயரையும், எந்தப் பெட்டியும் தோன்றாமலே அடையாளம் கண்டேன். அவ்வளவுதான். மற்றவை இன்னும் தெரியவில்லை.

தெரியாத எழுத்துகளின்மேல் விரல் வைத்துப் பார்த்தேன். இம்முறை ஊகித்து எதையும் சொல்லவில்லை. அவற்றைக் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு வீட்டிற்கு வந்தேன். பொன்னாடை பெட்டியில் மடித்தபடியே இருக்கிறது.